பதினேழாம் கட்டம்

சம்பந்தம் காலை ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். தொட்டி நிரம்பி வழிந்ததும் நிறுத்தினான். முனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கினான். டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். எட்டரை வரை தறியில் உட்கார்ந்து நெய்தான். குளித்தான். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். ஜரிகை வாங்கக் கிளம்பினான். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றான். உள்ளே யாரும் இல்லை. பழக்கம்.

பூட்டுக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸை அப்போதுதான் பார்த்தான்.

ஆரணி எல்லைக்குள் தங்கி வேலை செய்யும் அண்டைப் பகுதித் தொழிலாளி இளமதி, வயது இருபத்தேழு, சொந்த ஊர் படவேடு, இதுவரை ஊரைவிட்டு வெளியேறியதாகப் பதிவில்லை என்று அது சொன்னது. பதினைந்து நாட்களுக்குள் அவரை நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அல்லது அவருடைய வெளியேற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அவர் பெயரில் உள்ள தறிக்கு முத்திரை வைக்கப்படும்.

இளமதி அவன் மனைவி. இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. தறி அவள் பெயரில் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நெசவாளர் அட்டைக்கு மனுப் போட்ட நாளில் அவனுடைய போட்டோவில் கண் மூடியிருந்தது; அவளுடையதில் திறந்திருந்தது. அவன் பி.காம். படித்தவன். நோட்டீஸை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அதேதான் எழுதியிருந்தது.

அந்த அலுவலகத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். போன வருஷம் நாட்டில் வேலைக்கு ஆள் போதவில்லை என்று மேலிடம் கண்டுபிடித்தது. அண்டை நாட்டுப் பகுதிகளிலிருந்து வரும் தொழிலாளர்களை வரவேற்க ஊர்தோறும் மையம் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆரணிக்கு வந்த தமிழ்ப் பிரதியில் 'நாட்டு' என்ற சொல் வரியின் ஓரத்தில் இருந்தது. பிரிண்டர் அதைக் கடித்துவிட்டது. 'அண்டைப் பகுதி' மிஞ்சியது. வந்த உத்தரவைத் திருப்பிக் கேட்பது மரபில்லை.

ஆரணிக்கு எந்த அண்டை நாட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அண்டைப் பகுதியிலிருந்து தினமும் பஸ் நிறைய வந்தார்கள். மையம் அவர்களை வரவேற்றது. பெரணமல்லூர் பஸ்ஸிலிருந்து சோற்றுத் தூக்கோடு இறங்கியவர்கள்மேல் பன்னீர் தெளித்தது. சந்தனக் கிண்ணம் நீட்டியது. கற்கண்டு கொடுத்தது. வாயில் கற்கண்டு கரைவதற்குள் பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. வராதவர்களையும் விடவில்லை. நெசவாளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் பார்த்து, வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இளமதி அப்படித்தான் அதில் ஏறினாள். அப்போது அவள் இறந்து இரண்டு மாதம்.

இந்த வருஷம் கொள்கை மாறியது. நாட்டில் ஆள் அதிகம் என்று மேலிடம் கண்டுபிடித்தது. அதே பட்டியல், அதே ஊழியர்கள். பெயர்ப்பலகையில் 'வரவேற்பு' என்ற சொல்லின்மேல் 'வெளியேற்ற' என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். மழைக்கு அது அவ்வப்போது நனைந்து இரண்டு சொல்லும் சேர்ந்து தெரியும்.

ரைஸ் மில்களில் மூட்டை தூக்கும் பீகார்க்காரர்கள் முந்நூறு பேர் ஆதாரைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் நாளே வரிசையில் நின்றார்கள். அலுவலர் சுவரிலிருந்த தேசப்படத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பீகார் எந்தக் கணக்கிலும் அண்டைப் பகுதி இல்லை. நடுவில் எவ்வளவோ இருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று அனுப்பிவிட்டார். கமண்டல நாக நதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் பொருந்தும். பாலத்தில் சோதனைச் சாவடி போட்டபோது காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. அண்டைப் பகுதியோடு எந்த ஒட்டுறவும் இல்லாத நடுநிலையான ஆட்கள் வேண்டும் என்று விதி சொன்னது. அந்தத் தகுதி ஊரில் பீகார்க்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது. மறுநாள் முதல் அவர்கள் தொப்பி வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று, "இன்னாம்மா, எந்த ஊரு? ஜல்தி சொல்லு" என்று கேட்டார்கள்.

அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அரசுக்குச் சொந்தக் கட்டடம் கிடைக்கவில்லை. சம்பந்தம் வாசலில் கால் வைத்ததும் ஒருவர் அவன் முகத்தில் பன்னீர் தெளித்தார். இது வெளியேற்ற அலுவலகம்தானே என்று கேட்டான். ஆமாம் என்றார் அவர். போன வருஷத்துப் பன்னீர் இன்னும் நாற்பது கேன் இருக்கிறது, தணிக்கை வருவதற்குள் தீர்க்கவேண்டும், கொஞ்சம் குனியுங்கள் என்றார்.

பந்தி நடக்கும் கூடத்தில், இலை போடும் மேஜைக்குப் பின்னால், எழுத்தர் ஸ்வர்ணலதா உட்கார்ந்திருந்தாள். படிவத்தை எடுத்தாள்.

"பேரு?"

"சம்பந்தம்."

"சம்பந்தம் நாலாவது கட்டத்துலதான் கேப்பேன். இப்ப பேரு சொல்லுங்க."

"பேரே அதாங்க."

ஸ்வர்ணலதா பேனாவை மூடினாள். திறந்தாள். எழுதினாள். நாலாவது கட்டத்தில், தொழிலாளிக்கும் மனுதாரருக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தது. கணவன் என்றான்.

"அப்ப பேர்ல சம்பந்தம், சம்பந்தத்துல கணவன். மேல இருந்து கேட்டா நீங்களேதான் வந்து சொல்லணும். நான் பேஜார் பட முடியாது."

அவன் இறப்புச் சான்றிதழை நீட்டினான். அவள் அதைப் படித்தாள். முகம் கொஞ்சம் மாறியது. எழுந்து அதை மணமேடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மேடையில் சிவப்பு வெல்வெட் தைத்த இரண்டு பெரிய நாற்காலிகள் இருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் வெளியேற்ற அலுவலர் நெடுஞ்செழியன் உட்கார்ந்திருந்தார். பெண் நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அவர் சான்றிதழைப் படித்துவிட்டுச் சம்பந்தத்தை மேலே கூப்பிட்டார். வருத்தம் தெரிவித்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

இறந்துவிட்டார் என்பதை இந்தக் காகிதம் சொல்கிறது, வெளியேறிவிட்டார் என்று எந்த வரியில் சொல்கிறது என்று கேட்டார். வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்றான் சம்பந்தம். அப்படியானால் ஆரணியைவிட்டுப் போயிருக்கிறார், நல்லது, பிறகு என்றார். பிறகு இங்கே கொண்டுவந்தோம் என்றான். அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் திரும்ப வந்திருக்கிறார். வருகைப் பதிவு எங்கே என்றார். சம்பந்தத்திடம் வருகைப் பதிவு இல்லை. எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்ததைச் சொன்னான்.

"எல்லை ஆத்து நடுவுலங்க. எந்தப் பக்கம் கரைச்சீங்க?"

"ஆத்துல தண்ணியே இல்லீங்க. பள்ளத்துல கொஞ்சம் தேங்கி இருந்திச்சி. அதுல விட்டோம்."

நெடுஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேங்கியிருந்த தண்ணீர் நகராது. ஆகவே இளமதி இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்று மென்மையாகச் சொன்னார். கொடுமைக்காரர் இல்லை அவர். சொல்லும்போது சம்பந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே வழி பதினேழாம் கட்டம். படிவத்தில் மற்றதெல்லாம் அலுவலகம் நிரப்புவது. பதினேழு மட்டும் தொழிலாளியுடையது. 'வெளியேறும்போது தொழிலாளி கடைசியாகச் சொன்ன வார்த்தைகள், அவர் சொன்னபடியே.' போகும் எண்ணத்தை அவர் வாயாலேயே தெரிந்துகொள்வதற்காக மேலிடம் யோசித்து வைத்த கட்டம் அது. நேரில் வர முடியாதவர்களுக்காகக் குடும்பத்தார் சொல்லலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றான் சம்பந்தம். யோசிக்க அவனுக்கு ஒன்றுமில்லை. சொல்லத்தான் வரவில்லை.

அலுவலகத்துக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு, ஊருக்குத் திரும்பும் அண்டைப் பகுதியினர் எல்லோரும் மண்டபத்துக்கு வந்து, கச்சேரி மைக்கில் பதினேழாம் கட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறவேண்டும். மில் களத்தில் நெல் காயப்போடும் முனியம்மாள் பெரணமல்லூர்க்காரி. அவள்தான் முதல் ஆள். போகும்போது என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள் என்றார்கள்.

"போயிட்டு வரேன்" என்றாள் முனியம்மாள்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும். கொத்தனார், பூ கட்டுகிறவர், டீ மாஸ்டர், பாவு ஓட்டுகிறவர், எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு மாத முடிவில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு வாக்குமூலங்கள் மேலே போயின. மேலிடம் அவற்றை ஆங்கிலத்தில் படித்துப் பார்த்துத் திடுக்கிட்டது. ஆரணியில் ஒருவர் விடாமல் எல்லோரும், திரும்பி வரும் எண்ணத்தை அதிகாரி முன்னிலையில், மைக்கில், பயமில்லாமல் அறிவித்திருக்கிறார்கள். வெளியேற்றம் பூஜ்யம். இது அமைப்பு ரீதியான சதியா என்று விசாரிக்க ஒரு குழு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனது.

இரண்டாம் சுற்றறிக்கை வந்தது. இனி 'போறேன்' என்று மட்டுமே சொல்லவேண்டும். 'வரேன்' சேர்த்தால் செல்லாது.

அன்று மாலை நெடுஞ்செழியன் மைக்கைப் பிடித்து நீண்ட உரை நிகழ்த்தினார்.

"அன்பார்ந்த அண்டைப் பகுதிப் பெருமக்களே, நாங்கள் யாரையும் வெளியேற்றவில்லை. வெளியேறும் உரிமையை உங்களுக்கு வழங்குகிறோம். போன வருஷம் வரும் உரிமையை வழங்கியதும் இதே கைகள்தான். அன்றைக்கு உங்களை ஏன் கூப்பிட்டோம் என்று எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு ஏன் அனுப்புகிறோம் என்றும் தெரியாது. ஒரு நிர்வாகத்தின் நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

யாரோ கை தட்டினார்கள். பன்னீர் தெளிப்பவராக இருக்கலாம். முனியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் மைக் முன்னால் வந்து நின்றாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல எவளாவது போறேன்னு சொல்லுவாளா? ஊட்ல புள்ளைங்க கீது சார்."

"வெறும் வார்த்தைதானம்மா."

"வெறும் வார்த்தைதானே. நீ சொல்லு, பாக்கலாம்."

மண்டபம் சிரித்தது. நெடுஞ்செழியன் மைக்கைச் சரிசெய்தார். "போ" என்றார். நின்றார். வீட்டில் அவருக்கு மூன்று பெண்கள். தண்ணீர் குடித்தார். மறுபடி "போ" என்றார். செய்து காட்டுவது தம் பணிப் பட்டியலில் இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மீட்டிங் முடிஞ்சிது. ஸ்வர்ணலதா, எல்லாத்தையும் பூட்டிடும்மா. நான் போயிட்டு வரேன்."

மைக் ஆனில் இருந்தது. ஸ்வர்ணலதா பேனாவை எடுத்தாள். நல்ல எழுத்தர், மைக்கில் வந்ததை எழுதிப் பழகியவள்.

"சார், நீங்க செய்யாறுதான?"

செய்யாறு அண்டைப் பகுதி. அன்று அவரைப் பாலத்தில் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது, வயதான மனிதராக இருக்கிறீர்கள், ஏன் சார் சட்டத்தோடு விளையாடுகிறீர்கள் என்று காவலுக்கு நின்ற பீகார்க்காரர் தமிழில் புத்தி சொல்லி, தன் பங்கு கற்கண்டிலிருந்து கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்.

இதற்கிடையில் பதினைந்து நாள் முடிந்துவிட்டது. இரண்டு ஊழியர்கள் வந்து தறிக்கு முத்திரை வைத்தார்கள். பாதி நெய்த புடவை அதிலேயே இருந்தது. சிவப்பு நாடா தீர்ந்துபோயிருந்ததால் போன வருஷத் திறப்பு விழா ரிப்பனால் கட்டினார்கள். அதில் 'நல்வரவு' என்று பொன்னெழுத்து இருந்தது. முப்பது நாளில் பதினேழாம் கட்டம் நிரம்பாவிட்டால் தறி ஏலத்துக்குப் போகும் என்றார்கள். சம்பந்தம் மறுநாளும் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் வாங்கினான். எட்டரை வரை தறிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் சுற்றறிக்கை இருபது நாளில் வந்தது. நெடுஞ்செழியனுடைய கோப்பு மேலே போய், மேலே இருப்பவர்களும் எங்காவது ஒரு அண்டைப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதும், தினமும் வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்பவர்கள் என்பதும் தெரியவந்ததன் விளைவு அது. அதில் இரண்டு விதிகள் இருந்தன. 'வரேன்' என்று சொன்னவர் வழியில் இருப்பவராகக் கருதப்படுவார். அவருடைய இடமும் பொருளும் அவர் வந்து சேரும்வரை காக்கப்படும். வெளியேற்றக் கணக்கும் வேண்டுமல்லவா. அதற்கு இரண்டாவது விதி. 'போ' என்று யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவர் வெளியேறியவர்.

கணக்கு அன்றைக்கே ஏறத் தொடங்கியது. பெரணமல்லூர் பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தியதில் ஐம்பத்திரண்டு பேர் ஒரே நிறுத்தத்தில் வெளியேறினார்கள். ஒரு பள்ளிக்கூட வாசலில் காலை ஒன்பது மணிக்குள் நூற்று நாற்பது குழந்தைகளை அவரவர் அம்மாக்களே வெளியேற்றினார்கள். மார்க்கெட்டில் இரண்டு வியாபாரிகள் ஒருவரையொருவர் "போடா" என்று சொல்லிக்கொண்டதில் கடை இரண்டும் காலியாகப் பதிவாயின. யாரும் எங்கும் போகவில்லை. மாநிலத்திலேயே சிறந்த வெளியேற்ற மையம் என்று ஆரணிக்குக் கேடயம் வந்தது. அதைப் பெண் நாற்காலியில் கோப்புகளின்மேல் வைத்தார்கள்.

முப்பதாம் நாள் காலை சம்பந்தத்தைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் நல்ல கூட்டம். பாலம் தாண்டி வந்துபோகும் மாத அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வந்த முனியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பன்னீர் முடிந்திருந்தது, அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

நெடுஞ்செழியன் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார். படிவத்தைத் தாமே நிரப்பி வைத்திருந்தார். பதினேழாம் கட்டத்தில் அழகான கையெழுத்தில், மேற்கோள் குறிகளுக்குள், "போறேன்" என்று இருந்தது.

"ஒரு கையெழுத்து போடு தம்பி. மத்தியானமே ரிப்பன அவுத்துடுவாங்க. நீ உன் வேலைய பாரு."

சம்பந்தம் பேனாவை வாங்கினான். முதல் எழுத்தைப் போட்டான். மேற்கோள் குறிகளைப் பார்த்தான்.

"இத அவ சொல்லலீங்க."

"சரி, வேற இன்னாதான் சொன்னாங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சம்பந்தம் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்தப் பதினைந்து மாதத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு செலவு என்று கேட்டிருக்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்ட முதல் ஆள், மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர்தான்.

அவன் மைக் முன்னால் போய் நின்று சொல்ல ஆரம்பித்தான். ஆரணி ஆஸ்பத்திரி வாசல். காலை பத்து மணி. ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது, டாக்டர் கடிதம் எழுதி முடிக்கக் காத்திருந்தார்கள். வேலூரில் வரிசை பெரிதாக இருக்கும், யாராவது ஒருவர் முன்னால் போய்ச் சீட்டுப் போட்டு வைத்தால் நல்லது என்று நர்ஸ் சொன்னாள். அவன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் கதவருகே நின்றான். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த இளமதி அவனைப் பார்த்தாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் பார்த்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள். அவன் போனான். வேலூரில் வரிசையில் நின்று சீட்டு வாங்கினான். நாற்பத்தொன்றாம் நம்பர். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை.

அந்த வாக்கியத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. ஸ்வர்ணலதா எழுதினாள். நெடுஞ்செழியன் அவள் எழுதியதை வாங்கிப் படித்தார். மூன்றாம் சுற்றறிக்கையை எடுத்து விதிகளைப் படித்தார். மறுபடி படிவத்தைப் படித்தார். அவர் வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருஷத்தில் ஒரு விதி இவ்வளவு சரியாகப் பொருந்தி அவர் பார்த்ததில்லை.

பிறகு உத்தரவைச் சொன்னார். தொழிலாளி இளமதி வழியில் இருக்கிறார். அவர் வந்து சேரும்வரை தறிக்கு முத்திரை கூடாது, உடனே அவிழ்க்கவும். வெளியேறியவர் அவருடைய கணவர். பெயர், சம்பந்தம். சம்பந்தம், கணவன். ஆனால் இளமதி வரும்வரை தறியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால், வெளியேறியவருக்கு ஊரில் தங்கி நெய்யத் தற்காலிக அனுமதி வழங்கப்படுகிறது. அனுமதி முடியும் நாள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஸ்வர்ணலதா கேட்டாள். அவங்க வந்ததும் என்று எழுதச் சொன்னார்.

"ஒண்ணும் காதுல வுழலியே" என்றாள் முனியம்மாள். "அந்தப் பொண்ணு இன்னாதான் சொல்லிச்சாம்?"

கரண்ட் வந்தது. பதிவு செய்த வாக்குமூலத்தைச் சபையில் உரக்க வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. ஸ்வர்ணலதா மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பதினேழாம் கட்டம் என்றாள். இளமதி, படவேடு என்றாள். பிறகு, அவள் சொன்னபடியே, வாசித்தாள்:

"நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வந்துகினு இருக்கேன்."